கதவைத் திறப்பவளுக்கு ஓய்வு எப்போது?

(பட்டிப்பொலவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் உள்ள ஊரிலே, 6,226 அடி உயரத்திலே நின்று பேசுகிறேன். நீராவிக் காலத்தில் இம்மலையேற்றத்துக்கு ஓர் இயந்திரம் போதாதென்று பின்னால் இன்னொன்றைப் பூட்டித் தள்ளினார்கள். இரும்புக்கே அந்த இரக்கம் காட்டினோம்! கணவனிடம் அடிபட்டு ஓடிவரும் பெண்ணைத் தாங்கும் காப்பகங்களில் உழைக்கும் மாதருக்கு இரண்டாவது ஆள் உண்டா?

2019ஆம் ஆண்டின் அரசாங்க ஆய்வு, ஐந்தில் ஒரு பெண் துணைவனின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவள் என்று கூறிற்று. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். நல்ல சட்டம்தான். ஆனால் நள்ளிரவில் கதவைத் திறப்பது சட்டமல்ல, ஒரு மனுஷி.

லயத்திலிருந்து வருகிறவள் தமிழிலே அழுகிறாள். தமிழ் 1987இல் ஆட்சிமொழியாயிற்று; முறைப்பாடோ இன்னும் பல இடங்களில் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. ஆகவே இருமொழியும் தெரிந்த காப்பகப் பெண்ணே பொலிசுக்கும், ஆசுபத்திரிக்கும், நீதிமன்றுக்கும் கூட நடக்கிறாள். "என்னை அடித்தான், என்னைச் சுட்டான்" என்று அவளது சொல்லைத் தன் வாயாலே மூன்று இடங்களில் சொல்கிறாள். சொல்லிச் சொல்லி அந்த அடி இவள் உடம்பிலும் விழத் தொடங்குகிறது. தூக்கம் போகிறது. பின்னர் ஒருநாள், எதிரே ஒருத்தி அழும்போது தன் மனம் அசையாதிருப்பதைக் கண்டு இவளே அஞ்சுகிறாள்.

நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையத் தொண்டர்களிடம் இதைக் கண்ட உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், 1974இல் இதனை "எரிந்து தீர்தல்" என்ற பொருளில் எழுதினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இது நோயன்று, தணிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்றது. இந்த வேற்றுமை பெரிது. நோயென்றால் அவளுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். வேலையின் விளைவென்றால் வேலையையல்லவா திருத்த வேண்டும்? அதற்குப் பணம் வேண்டும். அங்கேதான் எல்லோரும் மௌனம்!

"சேவை" என்று சொல்லி மாலை போடுகிறோம். மாலை இரவுக் காவலுக்கு வருமா? ஓயாமல் ஒரே பாத்தியில் உருளைக்கிழங்கு நட்டால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரவுக்கு இருவர், கிழமைக்கு ஒரு முழுநாள் ஓய்வு, கேட்ட துயரை இறக்கிவைக்க வெளியிலிருந்து ஓர் உளவளத்துணையாளர், ஓய்வூதியத்தோடு கூடிய சம்பளம்: இவற்றை அரசிடம் கேட்போம். அதுவரை, படித்த பெருமக்களே, வழக்கறிஞர் ஒருவர், இருமொழி அறிந்த ஆசிரியை ஒருவர், மாதத்தில் ஒருநாள் நீதிமன்றுக்கு அவளுக்குப் பதிலாகச் செல்லுங்கள். அன்றைக்காவது அவள் தன் வீட்டில் உறங்குவாள்.