அந்தப் பெஞ்சுக்கு வைத்த பெயர்



பண்பாடு அறிந்த உளச்சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்பது எனக்குத் தந்த தலைப்பு. தொடக்கம் என்றாலே எனக்கு ஒரு மரப்பெஞ்சு நினைவுக்கு வரும். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில், ம்பாரே என்ற ஏழை மக்கள் பகுதியில், சுகாதார நிலையத்துக்கு வெளியே கிடந்த பெஞ்சு அது.

2005இல் அந்நாட்டு அரசு நகரத்துக் குடிசைகளை இடித்துத் தள்ளியது. லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் பேருந்துக் காசு இல்லாததால் மருத்துவமனைக்கு வர முடியாமல் போனது. பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். சிபாண்டாவை அது உலுக்கியது. சிகிச்சையை மக்களிடம் கொண்டுபோகலாம் என்று 2006இல் ம்பாரேக்கு வந்தார். அவருக்கு மருத்துவர்களைத் தரவில்லை, அறையும் தரவில்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார்.

முதலில் 'மனநலப் பெஞ்சு' என்று பெயர் வைத்தார். ஒருவரும் உட்காரவில்லை! பாட்டிகள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். 'நட்புப் பெஞ்சு' ஆயிற்று. வருகிறவர்களிடம் பாட்டிகள் மனச்சோர்வு என்ற நோய்ப்பெயரைச் சொல்வதில்லை. அங்கே பேசும் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அந்தச் சொல்லிலிருந்தே பேச்சைத் தொடங்கினார்கள். இந்த முறையைப் பற்றி 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பாட்டிகளிடம் பேசியவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத்தான்.

"ஒரே யோசனையா இருக்கு சார், ராத்திரி தூக்கமே இல்ல." இது நம்மூரில் சிகிச்சைக்கு நம்மிடம் வருகிறவர் பேச்சு. ஷோனாக் கிழவிக்கு இது உடனே புரிந்திருக்கும். நாமோ படிவத்தில் 'பதற்றக் கோளாறு' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். 'நெஞ்ச அடைக்குது', 'யாரோ செய்வினை வெச்சுட்டாங்க' என்பதற்கும் இதே கதிதான். செய்வினையை நான் நம்புவதில்லை. ஆனால் யார் வைத்ததாக நினைக்கிறீர்கள் என்று கேட்டால், பங்காளிச் சண்டையோ கொடுக்கல் வாங்கலோ பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

வருகிறவரின் கூடவே அம்மாவும் மாமாவும் அறைக்குள் வந்துவிடுவார்கள். வெளியே அனுப்பு என்கிறது பாடநூல். ஆனால் 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் கூடாரங்கள் போட்டு, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். நான் முதல் கால் மணி நேரம் எல்லாரையும் உட்காரவைப்பேன். பிறகு அவர்களிடமே கேட்டுக்கொண்டு, நோயாளியிடம் தனியாகப் பேசுவேன்.

பண்பாடு என்றதும் கோலத்தையும் பொங்கலையும் மட்டும் நினைத்துவிடாதீர்கள். 'நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?' என்று வருகிறவர் கேட்டால் அது பல நேரம் சாதியை அளக்கும் கேள்வி. சிலர் அதைப் பயந்துபோய்க் கேட்கிறார்கள்; எதிரே இருக்கும் சிகிச்சையாளரிடம் உண்மையைச் சொல்லலாமா என்று பார்க்கிறார்கள். "எங்கிட்ட எதைச் சொல்லத் தயக்கமா இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பதுண்டு.

இணையவழி அமர்விலும் இதே வேலைதான், ஒன்று மட்டும் கூடுதல். கதவில்லாத வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது? மொட்டை மாடியிலும், நிறுத்தி வைத்த காருக்குள்ளும், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டும் பேசியவர்களை எனக்குத் தெரியும். அதனால் முதலில், "பக்கத்துல யாராவது இருக்காங்களா? 'ஆமா', 'இல்ல'ன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்பேன். யாராவது உள்ளே வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு வார்த்தையையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். ஒரு மருமகள் தேர்ந்தெடுத்த வார்த்தை, 'கேஸ் சிலிண்டர்'.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் முதல் அமர்வுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். வந்தவர் சொன்ன முதல் வாக்கியத்தை அவர் வாய்மொழியிலேயே எழுத அதில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் பேனாவால் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.