ராஜிநாமா எழுதுமுன்
(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

ஞாபகம் அழிதல் முதுமைக்கே உரியதென்று எண்ணியிருக்கிறோம். அஃது உண்மையன்று. ஜெர்மானிய வைத்தியர் ஆல்சைமர் 1901இல் முதன்முதல் கண்ட அந்நோயாளிக்கு வயது 51.

நம் சகோதரர் ஒருவர், சர்க்கார் உத்தியோகஸ்தர், 52 வயதில் தம் கணக்குகள் பிழைபடக் கண்டு வெட்கி ராஜிநாமாச் செய்தார். நோயின் பெயர் தெரிந்தது அதன் பின்னரே. சம்பளம் போயிற்று, பிள்ளைகள் படிப்பும் நின்றது. நாம் அனுதாபம் மட்டுமே அளித்தோம். வழி சொல்வார் இலர்.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் இயலாமையுற்ற சர்க்கார் ஊழியரை விலக்கலாகாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்கிறது. மனநோய்க்கு அச்சட்டம் வகுத்த இலக்கணத்தில் நினைவின் கோளாறும் அடங்கும். கம்பெனி ஊழியர் வேலையிலிருக்கையில் நிரந்தரமாய் முற்றும் செயலிழப்பின், ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் 1995ஆம் வருஷத்து ஓய்வூதியத் திட்டம் அவர்க்கு ஓய்வூதியம் விதித்துள்ளது. வேலையை விட்டபின் இவற்றைப் பெறுதல் அரிது.

ஆதலின் முதலில் வைத்தியப் பரிசோதனை, அடுத்து இயலாமைச் சான்று, பின்னர் விண்ணப்பம். ராஜிநாமா வேண்டா. விண்ணப்பம் எழுதவும் உடன் செல்லவும் நாம் முன்வருவோமாக. இது யாசகமன்று, உழைத்தவர் உரிமை.