நூடுல்ஸ் வாங்கப் போறீங்களா?

இன்னிக்கு நூடுல்ஸ் சிக்கனச் சாப்பாடு. ஆனா 1958-லே ஜப்பான்லே மோமோஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டு வந்தப்போ, அது விலை கூடின பண்டம்! ஒரு பாக்கெட் 35 யென். கடையிலே கிடைச்ச சாதாரண நூடுல்ஸைவிடப் பல மடங்கு அதிகம்.

அவர் செஞ்ச தந்திரம் என்ன தெரியுமா? வேக வச்ச நூடுல்ஸை எண்ணெயிலே பொரிச்சார். உள்ளே இருந்த தண்ணி ஆவியாகி, பொடிப்பொடித் துளைகள் விழுந்தது. கொதிநீர் அந்தத் துளை வழியாத்தான் சட்டுனு உள்ளே போகுது.

சரி, கடைக்குப் போனா எப்படி வாங்கறது? பாக்கெட் விலையை மட்டும் பார்க்காதீங்க. ஒரு கிராம் எவ்வளவுன்னு பெரும்பாலும் அதிலேயே அச்சடிச்சிருக்கும். அதை ஒப்பிடுங்க. சில சமயம் சின்ன பாக்கெட்தான் விலை கூட!

அடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேதான் உப்பு இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நூடுல்ஸிலே உப்பு பெரும்பாலும் மசாலாப் பொட்டலத்திலேதான் இருக்கு. பாதியைப் போட்டாப் போதும். கூடவே கேரட், முட்டைக்கோஸ், கடைசியிலே ஒரு முட்டை. வயிறும் நிறையும், சத்தும் சேரும்.

ஒருத்தர் மனைவிகிட்டே கேட்டார்: "ரெண்டு நிமிஷத்திலே ஆகும்னு போட்டிருக்கே, அரை மணி நேரமாச்சே?"

"நூடுல்ஸுக்கு ரெண்டு நிமிஷந்தாங்க. காய் நறுக்கிக் கொடுக்க நீங்க எப்ப எழுந்து வருவீங்கன்னுதான் போடலை!"