சொல்நன்றி என்று ஓர் அதிகாரம் உண்டா?

(தலைப்பு: அண்டை நாட்டு மக்கள் மனத்தில் நிற்பது அரசின் பேச்சா, செயலா? 'செயலே' என்னும் அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ரொம்ப நன்றாகப் பேசினார். பேச்சுதான் சிறந்தது என்று வாதாட வந்தவர் நன்றாகப் பேசாமல் இருக்க முடியுமா? (சிரிப்பு) ஔவையாரைத் துணைக்கு அழைத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, வாளை எடுக்கவில்லை, வார்த்தையை எடுத்தார் என்றார். சரிங்க. அந்த வார்த்தை என்ன என்பதைத் தம்பி சொல்லாமல் விட்டுவிட்டாரே! உன் ஆயுதங்கள் எல்லாம் நெய் பூசி, மாலை போட்டு, அழகாக இருக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ போரிலே முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. என்ன பொருள்? நீ காட்டுகிறாய், அவன் செய்கிறான் என்று பொருள். ஔவையின் பேச்சுக்கே பின்பலம் அதியமானின் செயல்தான் ஐயா! (கைதட்டல்)

அன்றைக்குத் தூது அரசனிடம் போனது. இன்றைக்கு அரசனைத் தாண்டி மக்களிடமே நேராகப் போகிறது. வானொலி போகிறது, நாட்டியக் குழு போகிறது, மாணவர்களுக்கு உதவித்தொகை போகிறது. 'பப்ளிக் டிப்ளமசி' என்கிறார்கள். நாம் மக்கள் தூது என்று வைத்துக்கொள்வோம். நம் வெளியுறவு அமைச்சகம் 2006-இல் இதற்கென்று ஒரு தனிப் பிரிவையே தொடங்கியது. வங்கதேச மக்களுக்காக 2016-இல் கொல்கத்தாவிலிருந்து 'ஆகாஷ்வாணி மைத்ரி' என்ற வானொலிச் சேவை தொடங்கப்பட்டது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசட்டும். பேசியது மனத்தில் நிற்கிறதா என்பதுதான் இன்றைய வழக்கு.

நேபாளத்தைப் பார்ப்போம். நமக்கும் அவர்களுக்கும் எல்லையிலே விசா கிடையாது. பீகார்ப் பக்கமெல்லாம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தி உறவு. 2014 ஆகஸ்டில் பிரதமர் மோடி காத்மாண்டு போனார். இருதரப்புப் பயணமாக ஓர் இந்தியப் பிரதமர் அங்கே போய் 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களுடைய அரசியல் நிர்ணய சபையில் நேபாளி மொழியிலேயே பேச்சைத் தொடங்கினார். மக்கள் மகிழ்ந்தார்கள். ஒப்புக்கொள்கிறேன், அது பேச்சுக்குக் கிடைத்த கைதட்டல்தான்.

அடுத்த ஆண்டு, 2015 ஏப்ரல் 25. 7.8 அளவில் நிலநடுக்கம். ஏறத்தாழ 9,000 பேர் மாண்டார்கள். அன்றைக்கே நம் விமானங்கள் மீட்புப் படையோடு போய் இறங்கின. அருமையான செயல்! ஆனால், கூடவே நம் தொலைக்காட்சிக் காமிராக்களும் போயின. துக்கத்தில் இருப்பவர் முகத்தில் மைக்கை நீட்டுகிறார்கள், உதவியை விளம்பரமாக்குகிறார்கள் என்று அந்த மக்கள் மனம் நொந்தார்கள். ஓரிரு வாரத்தில், 'இந்திய ஊடகமே, வீட்டுக்குப் போ' என்ற முழக்கம் ட்விட்டரில் பரவியது.

ஏங்க, பக்கத்து வீட்டிலே துக்கம். நாம் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறோம். நல்ல காரியம். ஆனால் பந்தி நடக்கும்போதே உள்ளே போய், 'சாம்பார் எப்படி இருந்தது? எங்க வீட்டு சாம்பார்னு வந்தவங்ககிட்ட சொன்னீங்களா?' என்று கேட்டால் என்ன ஆகும்? (சிரிப்பு) சாம்பார் பாத்திரம் திரும்பி வரும். சாம்பாரோடு வரும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அதே 2015 செப்டம்பரில் நேபாளம் புதிய அரசியல் சட்டத்தை அறிவித்தது. தெற்குச் சமவெளியில் மாதேசி மக்கள் போராடினார்கள். எல்லையில் லாரிகள் நின்றன. பெட்ரோல் இல்லை, மருந்து தட்டுப்பாடு, சமையல் கேஸ் சிலிண்டர் இல்லை. 2016 பிப்ரவரி வரைக்கும் இந்தக் கஷ்டம் நீடித்தது. நாங்கள் மறிக்கவில்லை, அங்கே நடக்கும் போராட்டமே காரணம் என்று இந்தியா விளக்கம் சொன்னது. நேபாள அரசு அதை ஏற்கவில்லை. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. இங்கே இருக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன். அடுப்பு எரியாமல் பிள்ளை பசியோடு நிற்கும்போது, யாராவது வந்து விளக்கம் சொன்னால் கேட்பீர்களா? 13 மாதத்துக்கு முன்னால் கேட்ட இனிய பேச்சு நினைவுக்கு வருமா? வராதும்மா! சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். (கைதட்டல்) அந்தச் சமயம் பார்த்துச் சீனா கொஞ்சம் பெட்ரோலை நன்கொடையாக அனுப்பியது. அளவு சிறிது, சமயம் பெரிது.

நேபாளத்தில் செயல் கெடுத்தது. செயல் சேர்த்ததையும் பார்க்க வேண்டாமா? இலங்கைக்கு வாருங்கள். கொழும்பிலே சீனக் கடனுதவியோடு எழுந்த தாமரைக் கோபுரம் இருக்கிறது. சுமார் 350 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதே நாட்டில் இந்திய அரசின் நன்கொடையில் 2016-இல் ஓர் இலவச ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. பெயர் 'சுவ செரிய'. சிங்களப் பெயர். தொலைபேசி எண் 1990. மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு ஆரம்பித்து, 2018-இலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. தொடக்கத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் நடுராத்திரியில் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறபோது வீட்டு வாசலுக்கு வந்து நிற்பது எது? கோபுரமா வரும்? வண்டிதானே வரும்! (கைதட்டல்)

'ஐயா, செய்ததை எடுத்துச் சொல்லப் பேச்சு வேண்டாமா?' என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சொல்லத்தான் வேண்டும். யார் சொல்ல வேண்டும் என்பதிலேதான் விஷயம் இருக்கிறது. கொடுத்தவன் வாயால் சொன்னால் அது விளம்பரம். பெற்றவன் வாயால் சொன்னால் அதற்குப் பெயர்தான் நன்றி. பிழைத்து எழுந்த அந்த அப்பா, தன் ஊரிலே தன் மொழியிலே சொல்வாரே, அதற்கு இணையான வானொலி உலகத்தில் உண்டா?

நேபாளப் புண்ணுக்கும் மருந்து பேச்சில் இல்லை. 2019 செப்டம்பரில் பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்து அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் திறக்கப்பட்டது. குழாய்க்கு நேபாளி தெரியாது, இந்தி தெரியாது. (சிரிப்பு) எண்ணெய் ஓடுகிறவரைக்கும் அது நல்ல தூதுவன். நின்றுபோனால், ஆயிரம் தூதுவர் போனாலும் பயனில்லை.

நிறைவாக ஒன்று. வள்ளுவர் 'இனியவை கூறல்' என்று பத்தாவது அதிகாரம் வைத்தார். எதிரணி மகிழலாம்! ஆனால் அடுத்த அதிகாரம் என்ன? 'செய்ந்நன்றி அறிதல்'. செய்ததற்குத்தான் நன்றி. 'சொல்நன்றி அறிதல்' என்று 133 அதிகாரத்தில் எங்கேயாவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள். (கைதட்டல்) இனிய சொல் வாசற்படி. வாசற்படியிலே நின்று பேசிக்கொண்டே இருப்பவனை யாரும் உறவு என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே வந்து உதவுகிறவனைத்தான் சொல்வார்கள்.

எனவே நடுவர் அவர்களே, அண்டை நாட்டு மக்கள் மனத்தில் என்றும் நிற்பது அரசின் செயலே, செயலே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். பேச்சாகத் தீர்ப்புச் சொன்னால் போதாது, செயலிலே காட்டுங்கள்! (சிரிப்பு) (கைதட்டல்)