சிறு வியாபாரமும் வரியும்: பயம் வேண்டாம், பதிவு வேண்டும்

(உப்புவெளியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்காக 2025 ஒக்டோபரில் நடத்திய தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: “மகள், தையல் கடையைப் பதிந்தால் வரி கட்டச் சொல்லுவாங்களோ?” இதே கேள்வியைக் கருவாடு விற்கிற அண்ணாவும் கேட்டார், கடற்கரையோரம் இரண்டு அறை வாடகைக்கு விடுகிற அக்காவும் கேட்டார். அதனால் இன்றைய கூட்டத்தில் இதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று நினைத்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணக்காளர் இல்லை. பல்கலைக்கழகத்தில் கலைப் பாடங்கள் படித்தவள். ஆனால் இந்த விடயம் என் வீட்டிலும் நடந்தது. என் அப்பா ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வரி கேட்பார்கள் என்ற பயத்தில் கடையைப் பதியவே இல்லை. 2006இல் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது கடையில் சுவர் மட்டும்தான் மிச்சம். இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது வியாபாரப் பதிவு கேட்டார்கள், கணக்குக் கொப்பி கேட்டார்கள், பற்றுச்சீட்டுக் கேட்டார்கள். அப்பாவிடம் ஒன்றும் இல்லை. கடை இருந்தது ஊருக்கே தெரியும். தாளில் இல்லாததால் கடைக்கென்று ஒரு சதமும் கிடைக்கவில்லை. நீங்கள் இப்போது புதிதாகத் தொடங்குகிறீர்கள். அந்தப் பிழை உங்களுக்கு வரக்கூடாது.

முதலில் மூன்று இடங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பலர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, வியாபாரப் பெயர்ப் பதிவு. இதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். உங்கள் சொந்தப் பெயர் அல்லாத வேறு பெயரில் கடை நடத்தினால் இந்தப் பதிவு வேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் தேசிய அடையாள அட்டையும் கேட்பார்கள். இரண்டாவது, வியாபார அனுமதிப்பத்திரம். இது பிரதேச சபையின் வேலை. சாப்பாட்டுக் கடை, பேக்கரி போன்றவற்றுக்கு வருடா வருடம் எடுக்க வேண்டும். மூன்றாவது, வரி. அது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வேலை. பிரதேச செயலகத்தில் பெயர் பதிந்ததும் அடுத்த நாள் வரிக்காரர் வாசலில் நிற்பார் என்பது வெறும் பயம். வரி வருமா வராதா என்பதை உங்கள் வியாபாரத்தின் அளவுதான் தீர்மானிக்கும்.

பெரியவர்கள் சிலருக்குப் ‘புரள்வு வரி’ ஞாபகம் இருக்கும். மாகாண சபைகள் கடை விற்பனைக்கு அறவிட்ட வரி அது. நீண்ட காலம் வெளியே இருந்து வந்தவர்கள் அது இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். 2011 ஜனவரி 1 முதல் அந்த வரி இல்லை. தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர்கள் அங்கே உள்ள ஜிஎஸ்டியை இங்கேயும் கட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். இலங்கையிலும் 1998 முதல் அந்தப் பெயரில் ஒரு வரி இருந்தது. 2002 ஓகஸ்டில் அதன் இடத்துக்குப் பெறுமதி சேர் வரி வந்தது. அதைத்தான் எல்லோரும் ‘வற்’ என்று சொல்கிறோம். இன்றைக்கு அதன் வீதம் நூற்றுக்கு 18.

வற் வரி யாருக்கு? 2025 ஒக்டோபரில் இருந்த சட்டப்படி, மூன்று மாத விற்பனை 150 இலட்சம் ரூபாயைத் தாண்டினால், அல்லது பன்னிரண்டு மாத விற்பனை 600 இலட்சத்தைத் தாண்டினால் கட்டாயம் பதிய வேண்டியிருந்தது. நம்முடைய கணக்கைப் பார்ப்போம். ஒரு கடையில் நாளுக்கு 20,000 ரூபாய்க்கு விற்பனை நடக்கிறது என்று வையுங்கள். மாதத்துக்கு 6 இலட்சம், வருடத்துக்கு 72 இலட்சம். 600 இலட்சம் எங்கே, 72 இலட்சம் எங்கே! இந்த மண்டபத்தில் இருக்கிற அநேகமானவர்களுக்கு வற் பதிவு தேவையே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வற்றுக்குப் பதியாதவர் சிட்டையில் வற் என்று எழுதி வாடிக்கையாளரிடம் காசு வாங்கக் கூடாது. அது குற்றம். அதேபோல, “வற் இலக்கம் இருந்தால் மதிப்பு” என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காகத் தேவையில்லாமல் பதியாதீர்கள். பதிந்துவிட்டால் ஒவ்வொரு காலாண்டுக்கும் விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் ஒரு சதத்துக்கும் விற்கவில்லை என்றாலும், விற்பனை இல்லை என்று கொடுக்கத்தான் வேண்டும்.

நாளைக்கு யாருடைய வியாபாரமாவது அந்த அளவுக்கு வளர்ந்தால் இப்படித்தான் கணக்கு. ஆயிரம் ரூபாய்ப் பொருளை விற்கும்போது 180 ரூபாய் வரி சேர்த்து வாங்குகிறீர்கள். அந்தப் பொருளை நீங்கள் 600 ரூபாய்க்கு வாங்கியபோது 108 ரூபாய் வரி கொடுத்திருக்கிறீர்கள். 180இலிருந்து 108ஐக் கழித்து மிச்சம் 72 ரூபாயைத் திணைக்களத்துக்குக் கட்டுகிறீர்கள். வாங்கியதற்கு முறையான வரிப் பற்றுச்சீட்டு இருந்தால்தான் அந்த 108ஐக் கழிக்கலாம். ஒவ்வொரு மாதத்து வரியையும் அடுத்த மாதம் 20ஆம் திகதிக்கு முன் கட்ட வேண்டும். காலாண்டு முடிந்த அடுத்த மாத இறுதிக்குள் விபரத்திரட்டை இணையத்தில் அனுப்ப வேண்டும்.

இனி வருமான வரி. இங்கேதான் பலர் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். வருமான வரி உங்கள் விற்பனைக்கு இல்லை, இலாபத்துக்கு. முன்பு சொன்ன 72 இலட்சக் கடையையே எடுங்கள். சாமான் வாங்க 62 இலட்சம் போகிறது. வாடகை, மின்சாரம், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டரை இலட்சம். கையில் நிற்கிற இலாபம் ஏழரை இலட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் தனிநபர் நிவாரணம் உண்டு. வேறு வருமானம் இல்லை என்றால் இவருக்கு வரி இல்லை. அறை வாடகைக்கு விடுகிற ஒருவருக்கு இலாபம் 21 இலட்சம் என்று வைத்தால், மேலதிகமாக உள்ள 3 இலட்சத்துக்குத்தான் வரி. முதல் 10 இலட்சத்துக்கு வீதம் நூற்றுக்கு 6. ஆகவே அவர் கட்டுவது 18,000 ரூபாய்.

வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிகிறது. நம்முடைய கரையில் வெளிநாட்டுக்காரர் வருகிற காலம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. மாரி தொடங்கினால் அறைகள் வெறுமை. ஆடி மாதத்து வருமானத்தைப் பார்த்து “ஐயோ, வரி வந்துவிடும்” என்று பயப்பட வேண்டாம். முழு வருடத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். கொப்பி எழுதாதவருக்கு மட்டும் அந்த வெறுமையான மாதங்களைக் காட்ட வழி இல்லை.

2024 முதல் 18 வயது நிறைந்தவர்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்பது சட்டம். அதை எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. இலக்கம் என்பது உங்கள் பெயருக்கு ஓர் எண், அவ்வளவுதான். வங்கியில் நடைமுறைக் கணக்குத் திறப்பது போன்ற வேலைகளுக்கு அது தேவைப்படுகிறது. அதை எடுக்கக் கட்டணம் இல்லை. திணைக்களத்தின் இணையத்தளத்தில், ஐஆர்டி புள்ளி கவ் புள்ளி எல்கே என்ற முகவரியில், தமிழிலும் தகவல் இருக்கிறது. அடையாள அட்டையின் படம், உங்கள் மின்னஞ்சல், கைத்தொலைபேசி இலக்கம், வியாபாரம் பதிந்திருந்தால் அந்தப் பதிவின் பிரதி ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமைப் பதிவும் அடையாள அட்டையும் முதலில் முடிய வேண்டும். அதுவரை வியாபாரத்தை அடையாள அட்டை உள்ள ஒருவரின் பெயரில் பதியுங்கள்.

விபரத்திரட்டு யார் கொடுக்க வேண்டும்? வரி வருகிறவர் கட்டாயம் கொடுக்க வேண்டும். வரி வராவிட்டாலும், உங்கள் பெயரில் வருமான வரிக் கோவை திறந்து, விபரத்திரட்டுக் கேட்டு அறிவித்தல் வந்திருந்தால் பேசாமல் இருக்காதீர்கள். வரி இல்லை என்று கணக்கைக் காட்டி அனுப்புங்கள். 2026 மார்ச்சில் முடிகிற வருடத்துக்கான கடைசித் திகதி 2026 நவம்பர் 30. பிந்தினால் தண்டப்பணம் உண்டு.

இணையத்தில் அனுப்புவது கொப்பி சரியாக இருந்தால் ஓர் இருப்பில் முடிகிற வேலை. வரி இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போகிறீர்கள். உரிய வரியையும் வருடத்தையும் தெரிவு செய்கிறீர்கள். மொத்த வருமானம், செலவு, இலாபம் என்று கேட்கிற இடங்களை நிரப்புகிறீர்கள். அனுப்ப முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஒரு பூச்சியம் கூடினால் 2 இலட்சம் 20 இலட்சமாகிவிடும். அனுப்பியதும் வருகிற அத்தாட்சியை அச்செடுத்துக் கோவையில் வையுங்கள். காசு கட்டுவது தனி வேலை. விபரத்திரட்டு அனுப்பியதால் வரி கட்டியதாகாது, வரி கட்டியதால் விபரத்திரட்டு அனுப்பியதாகாது.

எனக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் இந்த வேலையை ஒரு கொமினிக்கேஷன் கடையில் கொடுத்தார். அவர்கள் தங்கள் கடையின் மின்னஞ்சலையே போட்டுப் பதிந்துவிட்டார்கள். பிறகு அந்தக் கடை மூடப்பட்டது. திணைக்களம் அனுப்பிய கடிதங்கள் ஒன்றும் இவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் விடயமே தெரியவந்தது. தட்டச்சுச் செய்ய யாரிடமும் உதவி கேளுங்கள். ஆனால் மின்னஞ்சலும் கைத்தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக அல்லது உங்கள் பிள்ளையுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள். நீங்கள் வாசிக்காத எதையும் உங்கள் பெயரில் அனுப்ப விடாதீர்கள்.

கொப்பி எழுதுவது பெரிய வித்தை இல்லை. இடது பக்கம் வந்த காசு, வலது பக்கம் போன காசு, திகதியோடு. கடன் கொடுத்ததைத் தனியாக எழுதுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்ததைக் கடைச் செலவில் சேர்க்காதீர்கள். சிட்டைகளை மாதம் மாதமாக ஒரு கடித உறையில் போடுங்கள். குறைந்தது 5 வருடம் வைத்திருங்கள். மாதக் கடைசியில் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். வெள்ளமும் ஓட்டமும் தெரிந்த ஆட்கள் நாங்கள். கொப்பி போனாலும் படம் இருக்கும். வங்கிக் கடன் கேட்கும்போதும், இழப்பு ஒன்று வந்தால் அதை நிரூபிக்கும்போதும் உங்களுக்காகப் பேசப்போவது அதுதான்.

நான் சொன்ன தொகைகளும் வீதங்களும் 2025 ஒக்டோபருக்கு உரியவை. வரவு செலவுத் திட்டத்தில் இவை மாறலாம். சந்தேகம் வந்தால் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். அம்மா, கடையைப் பதியுங்கள். உங்கள் தையல் கடைக்கு இப்போதைக்கு வரி வராது. இன்றிரவே ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் கடையின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.