சிலம்பமும் சுயமரியாதையும்

(கும்மிடிப்பூண்டியை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த பகுத்தறிவாளர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேசச் சொல்லுவார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்த நம்மைத் தலைவரவர்கள் சிலம்பத்தைப் பற்றிப் பேசும்படி கட்டளையிட்டு விட்டார். அதைப் பற்றிப் பேச நமக்குள்ள யோக்கியதையெல்லாம், எட்டு மாதமாய் அதைக் கற்றுக்கொள்ளுகிறோம் என்பதும், இன்னும் சரியாய் வரவில்லை என்பதுந்தான். நாற்பது வயதுக்கு மேல் கம்பைத் தொட்ட நமக்கு முதல் மூன்று மாதம் காலடி வைப்பதிலேயே கழிந்தது. நான்காவது மாதம் கம்பைச் சுற்றிய முதல் நாளில் நாமே நம் கணுக்காலில் அடித்துக்கொண்டோம். கை ஒரு சாண் அசைந்தால் கம்பின் நுனி எத்தனையோ முழம் போய்விடுகிறது; அத்தனை தூரத்தையும் அதே நேரத்தில் கடக்கவேண்டியிருப்பதால்தான் நுனிக்கு அவ்வளவு வேகம். புத்தகத்தில் படித்தால் இது ஒரு கணக்கு. கணுக்காலில் பட்டால்தான் அது ஞானம்.

இந்தப் பக்கத்து நிலைமையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிப்காட்டில் இரும்பை உருக்கும் ஆலைகளில் இரவு முறை முடித்துவிட்டு, கண் சிவந்து, நேரே பயிற்சிக்கு வரும் வாலிபர்கள் நம்மோடு நிற்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களில் இரண்டொருவரும் வருகிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். "இடது காலை முன்னே வை" என்பதற்கு மாத்திரம் எல்லோருக்கும் ஒரே பாஷைதான்.

கம்பைப் பிடிப்பதற்கு முந்தி என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லுகிறோம். நம்மைச் சேர்த்துக்கொண்ட ஆசான் நல்லவர். கை சுத்தமான வித்தைக்காரர். ஆனால் முதல் நாள் தேங்காய், வெற்றிலை பாக்கு, சூடம் வைத்து, காலில் விழுந்து, தட்சணை கொடுத்த பிறகே கம்பைத் தொடவேண்டும் என்றார். நாம், "ஐயா, தங்கள் உழைப்புக்கு உண்டான சம்பளத்தை மாதாமாதம் தருகிறோம், கை கூப்பி வணக்கமும் சொல்லுகிறோம், காலில் மாத்திரம் விழமாட்டோம்" என்றோம். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, விழுகிறவன் எல்லாம் கற்றுக்கொண்டா போய்விட்டான்?" என்று சிரித்தார். வித்தை தெரிந்தவனுக்குப் பெரும்பாலும் இந்தச் சடங்குகளில் அவ்வளவு பிடிவாதம் இருப்பதில்லை என்பது நம் அனுபவம். பிடிவாதமெல்லாம் சுற்றி நிற்கிறவர்களுக்குத்தான்.

தட்சணை என்றதும் ஏகலைவன் கதை ஞாபகத்துக்கு வராமல் போகுமா? வேடச் சாதிப் பையன் என்று வித்தை கற்றுக்கொடுக்க மறுத்தான் துரோணன். பையன் தானே பழகித் தேறினான். ஒரு நாளும் கற்றுக்கொடுக்காதவன் அப்போது வந்து, "கொடு கட்டை விரலை" என்று கேட்டான். கம்பு பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் கொடுமை இன்னும் நன்றாய் விளங்கும். கட்டை விரலில்லாத கையில் கம்பு நிற்காது. இதைக் குரு பக்தி என்று இரண்டாயிரம் வருஷமாய்ப் படித்துக் கண்ணீர் விடுகிறோமே தவிர, அந்தக் குருவைக் கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர்? சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசாங்கம் 1985-ம் வருஷம் முதல் கொடுத்துவரும் பட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? துரோணாச்சாரியார் விருது! மாணவனின் விரலை வாங்கினவன் பெயரில் ஆசிரியர்களுக்குப் பட்டம்.

இது பழங்கதைதானே என்று நினைக்கவேண்டாம். நம் பயிற்சி ஒரு கோயில் மைதானத்தில் நடந்துவந்தது. ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பையன் ஒருவன், பதினாலு வயதிருக்கும், தானே ஒரு மூங்கிலை வெட்டி எடுத்துக்கொண்டு, மைதானத்துக்கு அப்பால் கரைமேல் நின்று நம்மைப் பார்த்துப் பார்த்தே சுற்றிக்கொண்டிருந்தான். நாம் எட்டு மாதத்தில் கற்றதை அவன் இரண்டே மாதத்தில் கற்றிருந்தான் என்பதை வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ளுகிறோம். அவனை உள்ளே கூப்பிட்டோம். மறு நாளே தெருப் பெரியவர்கள் நாலு பேர் வந்து, கோயில் இடத்தில் கண்டவர்கள் நிற்கக் கூடாது என்றார்கள். "கண்டவர்கள்" என்பதற்கு அர்த்தம் கேட்டோம், பதில் சொல்லவில்லை. ஆசான் என்ன செய்யப்போகிறாரோ என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் கம்புகளை ஒன்றாய்க் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏரியில் தண்ணீர் வற்றித்தானே கிடக்கிறது, அங்கே போவோம் வாருங்கள்" என்று நடந்துவிட்டார். பத்தொன்பது பேரில் பதினொரு பேர் பின்னால் வந்தோம். எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள், இதுவரையிலும் வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து கைதட்டியவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இனி, நம்மவர்களின் பெருமைப் பேச்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுகிறோம், கோபிக்கக் கூடாது. பார்ப்பனர் புராணத்தை மாத்திரம் கிழித்து, நம் புராணத்தைப் பத்திரமாய் வைத்துக்கொள்ளுவது பகுத்தறிவாகாது. சிலம்பத்தை அகத்தியர் உண்டாக்கினார் என்கிறார்கள். காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனா போய் ஷாவோலின் மடத்தில் சண்டை வித்தையைக் கற்றுக்கொடுத்தார் என்கிறார்கள். 2011-ல் ஒரு சினிமாவும் வந்து எல்லோரும் மார்தட்டிக்கொண்டோம். ஆனால் அவர் வித்தை கற்றுக்கொடுத்தார் என்ற பேச்சு, அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்குப் பின், 17-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து கிளம்பியது. அது கட்டுக்கதை என்று 1930-களிலேயே தாங் ஹாவ் என்ற சீன ஆராய்ச்சிக்காரர் எடுத்துக்காட்டிவிட்டார். சீனாக்காரன் தன் நாட்டுக் கதையைத் தானே சோதித்தான். நாம் சோதிக்காமலே கட்டிக்கொண்டு அழுகிறோம். ரிஷி கொடுத்தால்தான் கம்புக்கு மதிப்பா? மாடு மேய்த்தவனும், காட்டில் மிருகத்துக்குப் பயந்தவனும், திருடனை விரட்டினவனும் சேர்ந்து உண்டாக்கிய வித்தை என்றால் என்ன குறைந்துபோயிற்று?

தாயத்து, மந்திரம், தொடாமலே ஆளைச் சாய்க்கும் வர்மம் என்பவைகளையும் கேட்டிருப்பீர்கள். 1900-ல் சீனாவில் அன்னியர் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளம்பிய குத்துச்சண்டைக் கூட்டத்தார், மந்திரம் ஜெபித்து ஆவேசம் வந்துவிட்டால் துப்பாக்கிக் குண்டு உடம்பில் தைக்காது என்று நம்பினார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது, நம்பிக்கை பொய்யானது. குண்டு நியாயம் பார்க்கவில்லை. அதே சீனாவில் 2017-ல் சூ சியாவோதோங் என்ற சண்டைக்காரர், அபூர்வ சக்தியுள்ளவரென்று பெயர் வாங்கிய ஒரு தாய்ச்சி வித்தைக்காரரை நேருக்கு நேர் சோதித்தபோது, சங்கதி அரை நிமிஷத்துக்குள் முடிந்துபோயிற்று.

ஜப்பானில் கானோ ஜிகோரோ என்ற பள்ளிக்கூட ஆசிரியர் செய்ததைப் பாருங்கள். 1882-ல் பழைய மல்லு வித்தைகளை எடுத்து, ஆபத்தானவைகளைப் பழக்கத்திலிருந்து ஒதுக்கி, இரண்டு பேர் முழு பலத்தோடு ஒருவரையொருவர் தள்ளிப் பார்த்துப் பழகும் முறையை வைத்து, ஜூடோ என்று பெயரிட்டார். இரகசியம் என்று மூடி வைக்கவில்லை. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றுவிட்டது. நம் ஆசான்களிலோ எத்தனை பேர், கடைசி அடியைப் பிள்ளைக்கும் சொல்லாமல் செத்துப்போயிருக்கிறார்கள்!

சிலம்பத்துக்கும் இப்போதுதான் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தில் விளையாட்டு வீரர்களுக்குள்ள 3 சதவிகித ஒதுக்கீட்டில் 2021-ல் தமிழ்நாடு அரசாங்கம் சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் நம் மாகாணத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் அதை ஆடிக் காட்டினார்கள். நாளைக்கு உத்தியோகம் என்று வந்துவிட்டால், இன்று யார் மைதானத்துக்குள் நிற்கிறான், யார் கரைமேல் நிற்கிறான் என்பது சாதாரணக் கேள்வி அல்ல. உள்ளே நிற்கிறவனுக்குச் சான்றிதழ். கரைமேல் நிற்கிறவனுக்கு மூங்கில்தான்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வகுப்பில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒரு தகப்பனார் வந்து, "கம்பு சுற்றினால் கை காய்த்துப்போகும், யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று கேட்டார். நெல் குத்தியும், சித்தாள் வேலை செய்தும், ஆலையில் மூட்டை தூக்கியும் காய்த்த கைகளைக் கட்டிக்கொள்ள இதுவரை எவனும் மறுக்கவில்லையே என்றோம். அவர் பதில் சொல்லாமல் போனார். ஆனால் பெண்ணை நிறுத்தவில்லை.

ஏரியில் மழைக்குத் தண்ணீர் வரப் போகிறது. அதற்குள் வேறு இடம் பார்த்தாகவேண்டும். இந்தக் கூட்டத்தில் களமோ, காலி மனையோ உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பயிற்சி. கம்பு இல்லாதவர்களுக்கு நம்மிடம் ஐந்தாறு இருக்கின்றன. நெற்றி உயரத்துக்கு எட்டுவதாய்ப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பையனும் வருவான். காலடி சந்தேகமெல்லாம் அவனைக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்மைக் கேட்கவேண்டாம்.