மை இருக்கு, ஆனா வரலை: டேங்க் மாட்டின பிரிண்டரை டீபக் பண்றது எப்படி

இந்த எபிசோட்ல கோட் இல்ல, ஏஐ இல்ல. பிரிண்டர். அதுவும் கடையில வாங்கின மாதிரியே இருக்கிற பிரிண்டர் இல்ல. பக்கத்துல நாலு கலர்ல மை டப்பா, அதுலேர்ந்து உள்ள போற மெல்லிசான நாலு டியூப், டியூப் போறதால முழுசா மூடாம லேசா தூக்கிக்கிட்டு நிக்கிற மேல்மூடி. காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில கண்டிப்பா பார்த்திருப்பீங்க. சிஐஎஸ்எஸ்-னு சொல்வாங்க, சில பேர் 'டேங்க் மாட்டினது'ன்னு சொல்வாங்க.

இது ஏன் வந்துச்சுன்னு கேட்டா ஒரே பதில்தான்: கார்ட்ரிட்ஜ் விலை. சின்ன கார்ட்ரிட்ஜுக்குள்ள இருக்கிறது சில மில்லிலிட்டர் மை. டப்பான்னா 100 மில்லி ஊத்தி வச்சுட்டு நிம்மதியா இருக்கலாம். இந்தோனேசியாவுல இந்த வேலை எவ்வளவு பரவுச்சுன்னா, 2010-ல எப்சன் கம்பெனியே டேங்க் வச்ச பிரிண்டரை முதல்ல அங்கதான் இறக்குச்சு. தெருவுல கண்டுபிடிச்சதைக் கம்பெனி தத்து எடுத்துக்கிட்ட கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

சரி, பிரச்சினைக்கு வருவோம். டப்பா நிறைய மை இருக்கு. ஆனா தாள்ல வரலை. எல்லாரும் உடனே என்ன பண்றாங்க? 'ஹெட் கிளீனிங்' பட்டனை அமுக்குறாங்க. வரலையா, மறுபடியும். அதுவும் வரலையா, 'டீப் கிளீனிங்'. லாக் பார்க்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரிதான் இதுவும். சில நேரம் சரியாகும், ஏன் சரியாச்சுன்னு மட்டும் தெரியாது.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். ஹெட்டோட அடியில முடியைவிட மெல்லிசான துளைகள் நூத்துக்கணக்குல திறந்தே இருக்கு. அப்புறம் ஏன் மை ஒழுகலை? உள்பக்கம் மையை லேசாப் பின்னாடி இழுத்துப் பிடிக்கிற ஒரு அழுத்தம் இருக்கு. சாதாரண கார்ட்ரிட்ஜ்ல அந்த வேலையை உள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் பார்க்குது. டேங்க் மாட்டினா, டப்பா எந்த உயரத்துல இருக்குங்கிறதும் சேர்ந்து அதை முடிவு பண்ணுது. 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசம்னா சுமார் 1000 பாஸ்கல் அழுத்தம். டப்பாவைத் தூக்கி பிரிண்டர் மேல வச்சா மை தானா இறங்கித் தாளெல்லாம் சொட்டும். மேசைக்குக் கீழ தரையில வச்சா ஹெட்டுக்கு மை ஏறத் திணறும். பிரிண்டர் இருக்கிற அதே மேசையில, பக்கத்துல வைங்க. அவ்வளவுதான்.

இன்னொண்ணு, காத்து. டப்பாவுலேர்ந்து மை குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணும். அதுக்குன்னு ஒவ்வொரு கலருக்கும் ஒரு சின்ன ஓட்டை, அது மேல ஒரு குட்டி ஃபில்டர். மை ஊத்தும்போது சின்ன ஓட்டையை அடைச்சுட்டு, பெரிய மூடியைத் திறந்து ஊத்தணும். பெருசை மூடின அப்புறம் சின்னதைத் திறக்கணும். அந்தக் கடைசி வேலையை மறந்துட்டா டப்பாவுக்குள்ள வெற்றிடம் உருவாகி, நாலஞ்சு பக்கத்துல மை நின்னு போகும். வெயில் காலத்துல கூஜா மூடியைத் திறக்காம ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற கதைதான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா தாலுகா ஆபீஸ் எதிர்ல கடை வச்சிருக்காங்க. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சான்றிதழ் பிரிண்ட், பசங்க புராஜெக்ட். ஜூன் மாசம், ஸ்கூல் அட்மிஷன் நேரம். அவங்களுக்கு வருஷத்துல காசு பார்க்கிற மாசமே அதுதான். அப்பப் பார்த்து பிரிண்டர் மக்கர் பண்ணுச்சு. முதல் அஞ்சு பக்கம் பளிச்சுன்னு வருது, ஆறாவது பக்கத்துல எல்லா நிறமும் வெளுக்குது. போட்டோவுல ஒரு கோடு விழுந்தாலும் வாங்க மாட்டாங்க, பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துட்டு, "ஹெட் போச்சு, புது பிரிண்டர் வாங்கிடுங்க"ன்னுட்டார்.

அக்கா எங்கிட்ட கேட்டாங்க: "ஏம்ப்பா, ஹெட்டு போச்சுன்னா அரை மணி நேரம் கழிச்சு அது எப்படி மறுபடியும் நல்லா அடிக்குது?"

அந்தக் கேள்வியிலயே பாதிப் பதில் இருக்கு. அடைச்ச துளை ஓய்வு எடுத்தா சரியாகாது. நாலு நிறமும் ஒரே நேரத்துல வெளுக்குதுன்னா, நாலுக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு. "கடையை மாத்தினீங்களாக்கா?"ன்னு கேட்டேன். ஆமா, ரெண்டு கடை தள்ளி வந்திருக்காங்க. தூக்கிட்டு வரும்போது டப்பா சாஞ்சிருக்கு. நாலு ஃபில்டரும் மையில ஊறிக் காஞ்சு போயிருந்துச்சு. வெளியிலேர்ந்து பார்த்தா ஓட்டை திறந்துதான் இருக்கு, ஆனா காத்து சொட்டுச் சொட்டாத்தான் போகுது. அதான் அரை மணி நேரக் கணக்கு. நாலு ஃபில்டரையும் கழட்டிட்டு இருபது பக்கம் அடிச்சோம். கலர் மூணும் அசையலை. புது ஃபில்டர் சில ரூபாய் சமாச்சாரம்.

ஆனா கறுப்பு சரியாகலை. நாசில் செக் எடுத்தா, எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே இடத்துல இடைவெளி. அங்க சர்வீஸ் ஆள் சொன்னது பாதி சரி. அந்த பிரிண்டர் சூட்டுல வேலை செய்யற ரகம். ஹெச்பி, கேனான் எல்லாம் அப்படித்தான்: துளைக்குப் பின்னாடி ஒரு குட்டி ஹீட்டர் மையைக் கொதிக்க வச்சுக் குமிழி உண்டாக்கும், குமிழி துளியை வெளிய தள்ளும். மை இல்லாம அடிச்சா ஹீட்டர் கருகிடும், ஏன்னா அதைக் குளிர வைக்கிறதும் மைதான். எப்சன்ல சூடு கிடையாது, மின்சாரம் குடுத்தா வளையற படிகம் தள்ளுது. மை இல்லாம அடிச்சாலும் கொஞ்சம் தாங்கும். ஆனா ஹெட் பிரிண்டரோட சேர்ந்தே இருக்கும், போச்சுன்னா செலவு பெருசு. அக்காவோட மாடல்ல ஹெட் கார்ட்ரிட்ஜ்லயே இருந்துச்சு. ஈரத் துணி மேல ராத்திரி முழுக்க வச்சுப் பார்த்தோம், கொஞ்சம் துளை திரும்பி வந்துச்சு, ஒரு பட்டை வரவே இல்ல. கறுப்பு கார்ட்ரிட்ஜ் மட்டும் புதுசு வாங்கி டியூப் மாத்தினோம். பிரிண்டர் பிழைச்சுது, அந்த ஜூனும் பிழைச்சுது.

அதனால நாசில் செக் தாளை மூணு தடவை எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வைங்க. இடைவெளி அதே இடத்துல இருந்தா அடைப்பு, இல்ல ஹீட்டர் போச்சு. ஒவ்வொரு தடவையும் இடம் மாறினா டியூப்புல காத்துக் குமிழி. செக் நல்லா வந்து, அடிக்க அடிக்க வெளுத்தா மை வரத்துப் பிரச்சினை. அதுல ஒரு நிறம் மட்டும்னா அந்த டியூப் எங்கயாவது மடங்கியிருக்கான்னு பாருங்க. கேரேஜை இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் கையால மெதுவா நகர்த்தினா, எங்க நசுங்குதுன்னு கண்ணுக்கே தெரியும். பிளக்கைப் பிடுங்கிட்டுப் பண்ணுங்க.

காலையில மட்டும் மை வராதவங்களுக்கு ஒரு சோதனை. ராத்திரி டியூப்புல மை எதுவரைக்கும் இருக்குன்னு மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. விடிஞ்சா மை டப்பா பக்கம் பின்வாங்கியிருந்தா, கார்ட்ரிட்ஜ்ல டியூப் நுழையற ரப்பர் வழியா காத்து ஏறுது. ரப்பரை மாத்தணும். கிளீனிங் ஆயிரம் தடவை போட்டாலும் அந்தக் காத்து மறுநாள் வரும்.

சிரிஞ்சு வச்சுக் காத்தை எடுக்கிறவங்க கார்ட்ரிட்ஜ் அடியிலேர்ந்து மெதுவா உறிஞ்சுங்க, மேலேர்ந்து அழுத்தித் தள்ளாதீங்க. ஹெட்டை நனைக்க போர்வெல் தண்ணி வேண்டவே வேண்டாம், அந்த உப்பே அடைச்சுக்கும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் யோசனை சொல்ற வீடியோவை அப்படியே ஸ்கிப் பண்ணிடுங்க, பிளாஸ்டிக்கைத் தின்னுடும்.

கிளீனிங் பட்டன் மேல எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேட்டா, அந்த மை எங்க போகுதுன்னு பாருங்க. பிரிண்டர் அடியில ஒரு பஞ்சு மெத்தை இருக்கு, எல்லாம் அதுலதான் இறங்குது. நிறைய மாடல்கள்ல அது எவ்வளவு குடிச்சுதுன்னு ஒரு கவுன்ட்டர் கணக்கு வச்சுக்கிட்டே இருக்கும். நிறைஞ்சுதுன்னு அது முடிவு பண்ணின அன்னைக்கு, மை, ஹெட், டியூப் எல்லாம் நல்லா இருந்தாலும் பிரிண்டர் ஒரு பக்கம்கூட அடிக்காது. சாஃப்ட்வேர்ல கவுன்ட்டரை மட்டும் ரீசெட் பண்ணி விட்டுட்டா, பஞ்சு நிரம்பி மேசையில மை ஓடும். பஞ்சையும் சேர்த்து மாத்துங்க. அந்த வேலைக்குக் கையுறை போட்டுக்கங்க, நாலு நாளைக்கு விரல்லேர்ந்து போகாது.